இடுப்பு மூட்டு மாத்திக்கிட்டா மறுபடியும் கும்மி ஆட முடியுமா?

சேலத்துக்கு மேற்கால ஒரு ஊர்ல இருந்து 51 வயசு அக்கா ஒருத்தங்க நாலு பக்கத்துக்கு கடிதம் எழுதியிருக்காங்க. பேரு, ஊரு எதுவும் போடல, விஷயத்தை மட்டும் சுருக்கி சொல்லிடறேன். வீட்டோட வெள்ளி கொலுசு பட்டறை, வீட்டுக்காரர் ஒரு பக்கம் வேலை பாக்க இவங்க தரையில உக்காந்து கொலுசுக்கு சலங்கை கோக்குறாங்க. நாலு வருஷம் முன்னாடி ஊர்ல வள்ளி கும்மி பயிற்சி ஆரம்பிச்சப்போ மகளை சேத்துவிட போனவங்க, ஓரமா நின்னு பாத்து பாத்து தானும் சேந்துட்டாங்க, இதுவரைக்கும் எட்டு அரங்கேற்றத்துல ஆடியிருக்காங்க. "அந்த வட்டத்துக்குள்ள கால் வெச்சிட்டா எனக்கு வீடு, கடன், பட்டறை எதுவும் ஞாபகம் இருக்காதுங்க டாக்டர்"னு எழுதியிருக்காங்க.

ரெண்டு வருஷமா வலது பக்கம் வலி. முதல்ல முட்டிதான் வலிக்குதுன்னு ஒரு வருஷம் முட்டிக்கே தைலம், ஊசி, பட்டை எல்லாம் பாத்திருக்காங்க. அப்புறம்தான் இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்து, வலது பக்கம் தொடை எலும்போட பந்துக்கும் அது உக்கார்ற இடுப்பெலும்பு கிண்ணத்துக்கும் நடுவுல இடைவெளியே கிட்டத்தட்ட இல்லை, கிண்ணமும் ஆழம் கம்மின்னு தெரிஞ்சிருக்கு. இடது பக்கம் லேசா தேய்மானம், ஆனா வலி கிடையாது. எம்ஆர்ஐல லேப்ரம்னு சொல்ற ஓரச் சவ்வு கிழிஞ்சிருக்குன்னு வந்திருக்கு. மூணு டாக்டரை பாத்திருக்காங்க, மூணு பேரும் மூணு விதமா சொல்லியிருக்காங்க. ஒருத்தர் ரெண்டு பக்கமும் மாத்திடலாம்னு தீபாவளிக்கு முன்னாடி தேதி குடுத்திருக்காரு. இன்னொருத்தர் சின்ன துளை போட்டு சவ்வை தெச்சா போதும்னு சொல்லியிருக்காரு. மூணாமவர் மூணு வாரம் முன்னாடி மூட்டுக்குள்ளயே ஸ்டீராய்டு ஊசி போட்டு, இனிமே ஆட்டம்ங்கிற பேச்சே கூடாதுன்னுட்டாரு. தம்பி 60 வயசு வரைக்கும் தள்ளிப்போடுங்குறாரு, மாமியார் குதிச்சு குதிச்சு நீயே கெடுத்துக்கிட்டேங்குறாங்க. இவங்க கேக்குறது என்னன்னா, இப்ப பண்ணிக்கிட்டா பங்குனி உத்திர அரங்கேற்றத்துல ஆட முடியுமா, இல்ல ஆட்டத்தை விட்டுட்டு ஆபரேஷன் இல்லாம ஓட்டிடலாமா.

அக்கா, உங்க கடிதத்துல ரிப்போர்ட் விவரத்தை எல்லாம் விட எனக்கு பெருசா பட்டது மூணாவது பக்கத்துல நீங்க போற போக்குல எழுதின ஒரு வரிதான். "என் கையால கோத்த கொலுசை என் வலது கால்ல என்னால மாட்ட முடியல, பொண்ணு வந்து மாட்டி விடுறா." இடுப்பு மூட்டு எவ்வளவு இறுகிப்போச்சுன்னு தெரிஞ்சுக்க நாங்க ஓ.பி.ல படுக்கவெச்சு காலை மடக்கி உள்பக்கமா வெளிபக்கமா திருப்பி பாப்போம், அந்த பரிசோதனையை நீங்க வீட்லயே பண்ணி பதிலும் எழுதிட்டீங்க. கால் விரல் நகம் வெட்ட முடியல, மெட்டி சரி பண்ண முடியல, ராத்திரி புரண்டு படுத்தா முழிப்பு தட்டுதுன்னும் எழுதியிருக்கீங்க. ஆபரேஷனா இல்லையாங்கிறதை முடிவு பண்ண வேண்டியது இந்த மாதிரி விஷயங்கதான். எக்ஸ்ரேல ரொம்ப மோசமா தெரியுற மூட்டை வெச்சுக்கிட்டு ஏற்காட்டு எஸ்டேட்ல மேடும் பள்ளமும் ஏறி இறங்கி காப்பிப்பழம் பறிக்கிறவங்களை நான் பாத்திருக்கேன், அவங்ககிட்ட மாத்துங்கன்னு நான் சொல்லல. உங்க நிலைமை அதுல இருந்து வேற.

என் அபிப்பிராயத்தை முதல்லயே சொல்லிடறேன். வலது பக்கம் மட்டும், மூட்டு மாற்று ஆபரேஷன் உங்களுக்கு நியாயமான வழி, 60 வரைக்கும் பல்லைக் கடிச்சிட்டு காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனா தீபாவளிக்கு முன்னாடி கண்டிப்பா கூடாது. பங்குனி உத்திரத்துல ஆட்டம் கிடையாது. ஏன்னு ஒண்ணொண்ணா சொல்றேன்.

இடுப்பு வலின்னா எது இடுப்பு

நம்ம பேச்சுல இடுப்பு வலின்னா சேலை கட்டுற இடத்துக்கு பின்னாடி, அதாவது முதுகுத்தண்டோட கீழ்பகுதி. எலும்பு டாக்டர் சொல்ற இடுப்பு மூட்டு அங்க இல்லை. தொடையும் வயிறும் சேர்ற மடிப்புக்கு உள்ள, தொடை இடுக்குல ஆழத்துல இருக்கு. அதனால மூட்டு கெட்டா வலி தொடை இடுக்குலதான் வரும், சில பேருக்கு தொடை முன்பக்கமா இறங்கி முட்டில போய் நிக்கும், ஏன்னா ரெண்டு இடத்துக்கும் போற நரம்புல பங்கு இருக்கு. முட்டில வலிக்கு முட்டி எக்ஸ்ரே எடுத்து ஒண்ணும் இல்லைன்னா அடுத்து இடுப்பு மூட்டை பாக்கணும். உங்க ஒரு வருஷம் அப்படி வீணானதுல உங்க தப்பு எதுவும் இல்லை.

எம்ஆர்ஐல வந்த சவ்வு கிழிசலை பத்தியும் இங்கயே சொல்லிடறேன். 50 வயசுக்கு மேல வலியே இல்லாதவங்களை எம்ஆர்ஐ எடுத்தாலும் இந்த கிழிசல் நிறைய பேருக்கு தெரியும். இடைவெளி நல்லா இருக்குற இளவயசு மூட்டுல அதை தெச்சா பிரயோஜனம் உண்டு. இடைவெளி 2 மில்லிமீட்டருக்கும் கீழ போன மூட்டுல துளை ஆபரேஷன் பண்ணினா பலன் மோசமா இருக்கும், கொஞ்ச நாள்லயே மறுபடி மூட்டு மாத்துற நிலைமைதான் வரும். அந்த யோசனையை விட்டுடுங்க. கிண்ணத்தை வெட்டி திருப்பி வைக்கிற ஆபரேஷனும் ஒண்ணு இருக்கு, அது தேய்மானம் வர்றதுக்கு முன்னாடி சின்ன வயசுல பண்றது, உங்களுக்கு அந்த கட்டம் தாண்டிடுச்சு. பிஆர்பி (நம்ம ரத்தத்துல இருந்தே பிரிச்சு போடுறது), ஸ்டெம்செல் ஊசின்னு யாராச்சும் பெரிய தொகை கேட்டா, தேய்ஞ்ச குருத்தெலும்பை இந்த கட்டத்துல திரும்ப வளர வெக்கும்னு நிரூபிச்ச ஊசி இன்னைக்கு வரைக்கும் இல்லை.

ஆடினதால தேய்ஞ்சதா?

மாமியார் சொன்னதை மனசுல வெச்சு நீங்க ரொம்ப குமுறியிருக்கீங்கன்னு எழுத்துலயே தெரியுது. உங்க கிண்ணம் ஆழம் கம்மியா இருக்கறது பொறக்கும்போதே வந்தது, நாலு வருஷ கும்மில வரல. பந்தை முழுசா மூடாத கிண்ணத்துல உடம்போட பாரம் எல்லாம் ஓரத்துல ஒரு சின்ன இடத்துலயே விழும், அந்த இடம் 40, 50 வயசுல தேய ஆரம்பிக்கும், ஆடாதவங்களுக்கும் இப்படித்தான் ஆகும். இது பொம்பளை பிள்ளைங்களுக்குத்தான் அதிகம். இன்னொரு விஷயம், இந்த மாதிரி அமைப்பு இருக்கறவங்களுக்கு சின்ன வயசுல கால் நல்லா சுழலும், வளையும், அதனாலயே ஆட்டத்துல நல்லா வருவாங்க. வாத்தியார் உங்களை முன்வரிசைல நிறுத்தினதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கலாம்.

ஆனா ஆட்டத்துக்கு இதுல பங்கே இல்லைன்னு சொல்ல மாட்டேன். சாதாரணமா நடக்கும்போதே இடுப்பு மூட்டு மேல உடம்பு எடை மாதிரி ரெண்டரை மடங்கு பாரம் விழுது, ஓடினா ஏறக்குறைய அஞ்சு மடங்கு. நீங்க 68 கிலோன்னு எழுதியிருக்கீங்க, நடக்கறப்பவே 170 கிலோ. ஒத்தைக்கால்ல துள்ளி இறங்கினா அதுக்கும் மேல. கெட்டுப்போன மூட்டுல வெறுங்காலோட சிமெண்ட் தரையில மணிக்கணக்கா துள்ளினா வலி ஏறத்தான் செய்யும், தேய்மானமும் வேகமாகலாம். ஆட்டம் இதை உண்டாக்கல, ஏற்கனவே இருந்ததை வெளிய காட்டிச்சு, கொஞ்சம் சீக்கிரமா. அதே கும்மிதான் உங்க தொடை தசையையும் எலும்பையும் இத்தனை பலமா வெச்சிருக்கு, ஆபரேஷனுக்கு அப்புறம் அந்த பலம்தான் உங்களை தூக்கி நிறுத்த போகுது.

மகள் அஞ்சு மாசம்னு எழுதியிருக்கீங்க, அதனால ஒரு வார்த்தை. குடும்பத்துல ஒருத்தருக்கு இந்த கிண்ணக் குறை இருந்தா குழந்தைக்கும் வர வாய்ப்பு கூடும். பொறந்ததும் குழந்தை டாக்டர்கிட்ட பாட்டிக்கு இடுப்பு மூட்டுல இப்படி இருக்குன்னு சொல்லுங்க, ஆறு வாரம் வாக்குல ஒரு ஸ்கேன் பாத்துக்குவாங்க. குழந்தையை துணியில சுத்தும்போது காலை நீட்டி இறுக்கி கட்டாதீங்க, கால் ரெண்டும் மடங்கி விரிஞ்சு இருக்கணும். கழுத்து நின்னதும் நம்ம வழக்கப்படி இடுப்புல கால் விரிச்சு உக்கார வெச்சு தூக்குறீங்களே, அது மூட்டுக்கு ரொம்ப நல்லது.

இப்பவா, 60 வயசுலயா

தம்பி சொல்ற கணக்கு பழைய கணக்கு. செயற்கை மூட்டு பத்து வருஷம்தான் வரும், அதனால எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ தள்ளுன்னு ஒரு காலத்துல டாக்டர்களே சொன்னாங்க. 2019-ல லேன்செட்ங்கிற மருத்துவ பத்திரிகைல பல நாட்டு கணக்கை சேத்து போட்டாங்க, இடுப்பு மூட்டு மாத்தினவங்கள்ல 100-க்கு 89 பேருக்கு 15 வருஷம் தாண்டியும், 70 பேருக்கு 20 வருஷம் தாண்டியும், 58 பேருக்கு 25 வருஷம் தாண்டியும் அதே மூட்டு நின்னிருக்கு. அத்தனை வருஷம் முன்னாடி வெச்சதுன்னா பழைய காலத்து மூட்டுங்கதான், இப்ப வர்ற மூட்டுல கிண்ணத்துக்குள்ள இருக்கற பிளாஸ்டிக் அதை விட ரொம்ப மெதுவா தேயுது.

அதுக்காக வயசு கணக்கே இல்லைன்னு அர்த்தம் இல்லை. அதே பத்திரிகைல 2017-ல வந்த இங்கிலாந்து கணக்குப்படி, 70 தாண்டி பண்ணிக்கிறவங்களுக்கு ஆயுசுக்குள்ள ரெண்டாவது ஆபரேஷன் வர்ற வாய்ப்பு 100-க்கு 5 கிட்ட, 50-களோட ஆரம்பத்துல பண்ணிக்கிற பொம்பளைங்களுக்கு 20 கிட்ட, ஆம்பளைங்களுக்கு 35 வரைக்கும். அப்ப உங்களுக்கு அஞ்சுல ஒரு பங்கு வாய்ப்பு, எப்பவாச்சும் ஒரு நாள் இந்த மூட்டை மறுபடி மாத்த வேண்டி வரலாம், ரெண்டாவது தடவை பண்றது முதல் தடவையை விட கஷ்டம். இதை தெரிஞ்சுக்கிட்டு முடிவெடுக்கணும். இதுக்கு எதிர்ல தராசோட இன்னொரு தட்டுல என்ன இருக்குன்னா, 51-ல இருந்து 60 வரைக்கும் ஒன்பது வருஷம், தூக்கம் கெட்டு, விந்தி விந்தி நடந்து, தொடை தசை வத்தி, அந்த விந்தல்ல முதுகும் இடது முட்டியும் கெட்டு, தினம் வலி மாத்திரை போட்டு கிட்னியையும் வயித்தையும் கெடுத்துக்கிட்டு. பேரப்பிள்ளையை தூக்குற ஒன்பது வருஷமும் அதுதான். என் கணக்குல இந்த தட்டுதான் கனமா இருக்கு. உங்களுக்கு எப்படின்னு நீங்கதான் சொல்லணும்.

இடது பக்கத்தை தொடவே வேண்டாம். வலிக்காத மூட்டை எக்ஸ்ரேல தெரியுதுன்னு மாத்துறதுல நியாயம் இல்லை. அது இன்னும் பத்து வருஷம் அப்படியே கூட இருக்கலாம்.

தீபாவளிக்கு முன்னாடி மட்டும் வேண்டாம்

உங்க கடிதத்துலயே எனக்கு தூக்கிவாரிப் போட்ட விஷயம் இதுதான். ஒரு இடத்துல மூட்டுக்குள்ள ஸ்டீராய்டு ஊசி போட்டிருக்காங்க, வேற ஒரு இடத்துல ஒரு மாசத்துல ஆபரேஷன் தேதி குடுத்திருக்காங்க, ஊசி போட்டது ஆபரேஷன் டாக்டருக்கு தெரியுமான்னு நீங்க எழுதவே இல்லை. மூட்டுக்குள்ள ஸ்டீராய்டு போட்ட மூணு மாசத்துக்குள்ள மூட்டு மாத்தினா கிருமி தொத்துற ஆபத்து கூடுது, அதனால குறைஞ்சது மூணு மாசம் தள்ளணும்ங்கிறது உலகம் முழுக்க எலும்பு டாக்டருங்க பின்பத்துற விஷயம். செயற்கை மூட்டுல சீழ் பிடிச்சா அதை கழட்டி, வாரக்கணக்குல மருந்து ஏத்தி, மறுபடி மாத்தணும். வலியை விட பெரிய கஷ்டம் அது. நீங்க சொன்ன தேதிப்படி பாத்தா கார்த்திகை கடைசி வரைக்கும் கத்தி படக்கூடாது, மார்கழில வெச்சுக்கலாம். நடுவுல வலி தாங்கலைன்னு இன்னொரு ஊசி போட்டுக்காதீங்க, போட்டா மூணு மாசம் அங்கிருந்து மறுபடி எண்ணணும்.

இந்த மூணு மாசம் சும்மா காத்திருக்கற மாசம் இல்லை, நிறைய வேலை இருக்கு.

முதல்ல மாத்திரை. மெடிக்கல்ல நீங்களே வாங்கி எட்டு மாசமா தினம் ரெண்டு டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை போடுறதா எழுதியிருக்கீங்க. இந்த வாரமே ரத்தத்துல கிரியாட்டினின் (கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுறது) பாருங்க, பிரஷர் பாருங்க, சர்க்கரையும் ஹீமோகுளோபினும் சேத்தே பாத்துடுங்க. அதுக்கு பதிலா பாராசிட்டமால் 650, தேவைப்பட்டா ஒரு நாளைக்கு நாலு தாண்டாம. அப்புறம் நீங்க சந்தையில வாங்கி சாப்பிடுறதா எழுதின மூட்டுவலி பொடி. ரெண்டு நாள்ல மாயமா வலி போச்சுன்னா அதுல ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு, அந்த ஸ்டீராய்டே பந்துக்கு ரத்த ஓட்டத்தை நிறுத்தி பந்தை செத்துப்போக வைக்கும், நம்ம ஊர்ல சின்ன வயசுலயே இடுப்பு மூட்டு மாத்துறவங்கள்ல நிறைய பேர் கதை அதுதான். ஆனா மாசக்கணக்குல சாப்பிட்டிருந்தா திடீர்னு நிறுத்தாதீங்க, பொடியை கைல எடுத்துட்டு போய் டாக்டர்கிட்ட காட்டுங்க, மயக்க டாக்டருக்கும் இது தெரிஞ்சே ஆகணும்.

அடுத்தது ஊன்றுகோல். வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்க கைல, அதாவது உங்களுக்கு இடது கைல பிடிக்கணும். கிட்டத்தட்ட எல்லாருமே வலிக்கிற பக்கம்தான் பிடிச்சுட்டு வருவாங்க, அது உதவாது. இடது கைல பிடிச்சு வலது கால் எடுத்து வைக்கும்போது கோலையும் சேத்து ஊன்றினா அன்னைக்கே வித்தியாசம் தெரியும். படி ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது வலிக்கிற கால் முதல்ல.

தசைக்கு பயிற்சி வேணும். இடது பக்கம் ஒருக்களிச்சு படுத்து வலது காலை முட்டி மடக்காம ஒரு சாண் தூக்கி அஞ்சு எண்ணி இறக்குறது, மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி புட்டத்தை தூக்குறது, ரெண்டும் பத்து பத்து தடவை காலையும் சாயந்திரமும். இந்த பக்கவாட்டு தசை பலமா இருந்தா ஆபரேஷனுக்கு அப்புறம் விந்தல் சீக்கிரம் போகும். மூணு மாசத்துல நாலு கிலோ குறைச்சா நடக்கும்போது மூட்டு மேல பத்து கிலோ குறையுது. பல்லுல சொத்தை, மூத்திரத்துல கிருமி, விரல் இடுக்குல சேத்துப்புண் எது இருந்தாலும் இப்பவே சரி பண்ணிடணும், எல்லாமே மூட்டுக்கு கிருமி போற வழி. பட்டறைல தரையில உக்காராம பலகையை மேசை மேல ஏத்தி ஸ்டூல்ல உக்காந்து சலங்கை கோத்துக்கங்க, இதை ஆபரேஷனுக்கு அப்புறமும் வெச்சுக்கங்க. வெள்ளி வேலைக்காரங்க தரையை விட்டு எழும்ப மாட்டாங்கன்னு எனக்கு தெரியும், பழகினா கை தானா வரும்.

கும்மியை இந்த மாசங்கள்ல முழுசா நிறுத்தணும்னு நான் சொல்லல. இளவயசு டாக்டரா இருந்தப்போ நானும் எல்லார்கிட்டயும் ஆட்டத்தை விடுங்கன்னு ஒரே வார்த்தையில சொல்லியிருக்கேன், சொல்லிட்டு அவங்க முகம் போன போக்கை பாத்து பின்னாடி வருத்தப்பட்டிருக்கேன். துள்ளல் வேண்டாம், ஆழமா குனியுறது வேண்டாம், மண் தரையில, அரை மணி நேரம், கைதட்டலும் நடையும் மட்டும். மறுநாள் காலையில வலி கூடியிருந்தா அதுக்கு மேல குறைங்க. பாட்டுக்கு பின்குரல் குடுக்க வாத்தியார்கிட்ட கேளுங்க, எட்டு அரங்கேற்றம் ஆடினவங்களுக்கு பாட்டு பூரா மனப்பாடமா இருக்குமே.

இந்த மூணு மாசத்துல ஒருவேளை தூக்கம் திரும்பி, மாத்திரை குறைஞ்சு, கொலுசு மாட்டற அளவுக்கு இல்லைன்னாலும் நடை நல்லா ஆச்சுன்னா ஆபரேஷனை இன்னும் தள்ளலாம், தேதி குடுத்தாச்சேன்னு போய் படுக்க வேண்டாம். இது மாரடைப்பு மாதிரி அவசரம் கிடையாது.

மறுபடி ஆடறது

ஆபரேஷன் ஆன அன்னைக்கோ மறுநாளோ வாக்கர் பிடிச்சு நடக்க வெச்சிடுவாங்க. ஆறு வாரம் வரைக்கும் வாக்கர், அப்புறம் கோல். மூணு மாசம் வாக்குல வீட்டு வேலை, கடை கண்ணி, கோயில் எல்லாம் சாதாரணமா வரும். தசையும் தடுமாறாம நிக்கிற பழக்கமும் முழுசா திரும்ப ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் ஆகும். மார்கழில பண்ணினா பங்குனி உத்திரத்துக்கு மூணு, மூணரை மாசம்தான், அன்னைக்கு நீங்க சேர் போட்டு உக்காந்து பாடலாம். மெதுவான நடை அடவு, கைதட்டல் எல்லாம் ஆடி மாசம் வாக்குல பிசியோ பாத்து சொன்னதும் தொடங்கலாம்.

எந்த அசைவு வரும், எது வராதுங்கிறது கொஞ்சம் விளக்கணும். பின்பக்கமா திறந்து பண்ற ஆபரேஷன்ல ரெண்டு நிலை ஒண்ணா சேர்ந்தா பந்து கிண்ணத்தை விட்டு நழுவ பாக்கும், தொடை வயித்தோட ஒட்டுற மாதிரி ஆழமா மடங்குறதும், அதே நேரம் தொடை உள்பக்கமா திரும்புறதும். இப்ப கும்மியை மனசுல ஓட்டி பாருங்க. தாழ குனிஞ்சு தட்டி, அந்த குனிவுலயே உடம்பை வட்டத்துக்குள்ள திருப்பி, கால் மாத்தி எடுத்து வைக்கிறீங்களே, கிட்டத்தட்ட அந்த நிலைதான். முன்பக்கமா திறந்து பண்ணினா ஆபத்தான நிலை வேற, கால் பின்னாடி போய் பாதம் வெளிப்பக்கமா திரும்புறது. அதனால எந்த பக்கமா பண்ண போறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டு, உங்க அடவுகளை டாக்டர் முன்னாடியே செஞ்சு காட்டுங்க. வெக்கப்படாதீங்க. போன்ல எடுத்த வீடியோ இருந்தா அதை காட்டுங்க, எங்களுக்கு வாயில சொன்னா புரியாது. முதல் மூணு மாசம்தான் நழுவுற பயம் அதிகம், சதை கெட்டிப்பட்டதும் குறையும். இப்ப பந்துக்குள்ள பந்துன்னு ரெட்டை அசைவு வர்ற மூட்டு இருக்கு, பிரெஞ்சுக்காரங்க 1970-கள்ல கொண்டு வந்தது, நழுவுறது அதுல கம்மி. தரையில உக்காந்து எழுந்து, குனிஞ்சு ஆடுற உங்களுக்கு அது பொருந்துமான்னு கேளுங்க.

துள்ளல் பத்தி நேராவே சொல்றேன். சமதளத்துல நடக்கிற, திரும்புற, கைதட்டுற ஆட்டத்துக்கு பெரும்பாலான டாக்டருங்க தடை சொல்ல மாட்டாங்க. ஒத்தைக்கால்ல துள்ளி இறங்குறது, மணிக்கணக்கா வேகத்துல ஆடுறது, இதை நான் என் நோயாளிங்களுக்கு அனுமதிக்கிறது இல்லை, மூட்டு சீக்கிரம் தளரும், விழுந்தா சுத்தியிருக்கற எலும்பு உடையும். உங்களுக்கு கிடைக்கப்போற ஆட்டம் பழைய ஆட்டம் மாதிரி இருக்காது. முன்வரிசை வேகம் வராது, வட்டத்துல இடம் வரும். வலி இல்லாம தூங்கணும், நடக்கணும், கொலுசு மாட்டணும்ங்கிறதுக்காக ஆபரேஷன் பண்ணிக்கோங்க, அதுக்கு பெரும்பாலும் ஏமாத்தம் வராது. அரங்கேற்றத்துக்காக மட்டும் பண்ணிக்கிட்டா ஏமாத்தம் வர வாய்ப்பு இருக்கு.

ஆபத்தையும் மறைக்காம சொல்றேன். கிருமி தொத்துறது 100-ல ஒருத்தருக்கு, நழுவுறது 100-ல ஒண்ணுல இருந்து மூணு பேருக்கு. கால்ல ரத்தம் கட்டி நுரையீரலுக்கு போறது அரிது ஆனா உயிருக்கு ஆபத்து, அதுக்குத்தான் ஒரு மாசம் வரைக்கும் ரத்தம் உறையாத மருந்து குடுப்பாங்க, பாதில நிறுத்திடாதீங்க. கால் நீளம் கொஞ்சம் முன்னபின்ன ஆகலாம். நரம்பு இழுபட்டு பாதம் தூக்க முடியாம போறது ரொம்ப அரிது, ஆனா உங்களை மாதிரி கிண்ணம் ஆழமில்லாத மூட்டுல மத்தவங்களை விட கொஞ்சம் கூட. அதனால இந்த மாதிரி மூட்டுல கைப்பழக்கம் உள்ள டாக்டரா பாருங்க, ஆபரேஷனுக்கு உதவுற ரோபோ அங்க இருக்கா இல்லையாங்கிறதை விட அது முக்கியம். ரோபோ கிண்ணத்தை சரியான கோணத்துல வைக்க உதவும், அதனால மூட்டு கூட நாள் வரும்னு இதுவரைக்கும் நிரூபணம் இல்லை.

காசும் கார்டும்

மூட்டுக்கு அரசாங்கம் விலை கட்டிடுச்சுன்னு கேள்விப்பட்டதா எழுதியிருக்கீங்க. 2017 ஆகஸ்டுல உச்சவிலை கட்டினது முட்டி மூட்டுக்கு. இடுப்பு மூட்டுக்கு அந்த மாதிரி உச்சவிலை இல்லை, அதனால ஆபரேஷனுக்கு கேட்டதா நீங்க எழுதின ரெண்டரை லட்சத்துல மூட்டுக்கு எவ்வளவு, மத்ததுக்கு எவ்வளவுன்னு பிரிச்சு எழுதி வாங்குங்க. முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருக்குன்னு கடைசில ஒரு வரி எழுதியிருக்கீங்க, அதை முதல் வரியா எழுதியிருக்கணும் அக்கா. ஒரு வருஷத்துக்கு குடும்பத்துக்கு 5 லட்சம் வரைக்கும், இடுப்பு மூட்டு மாத்துறதும் அதுல வருது. சேலம் ஜிஎச்ல, அதாவது மோகன் குமாரமங்கலம் மெடிக்கல் காலேஜ்ல எலும்பு பிரிவுக்கு போங்க, இல்ல திட்டத்துல இருக்கற தனியார் ஆஸ்பத்திரி எதுன்னு காப்பீட்டு டெஸ்க்ல கேளுங்க. அனுமதி அட்மிட் ஆகறதுக்கு முன்னாடியே வாங்கணும், கட்டிட்டு அப்புறம் வாங்கிக்கலாம்னு நினைக்காதீங்க. நகையை அடகு வைக்கிற பேச்சை அது வரைக்கும் நிறுத்தி வைங்க.

டாக்டர்கிட்ட கேக்க வேண்டியதுல நாலை மட்டும் துண்டுச் சீட்டுல எழுதிட்டு போங்க. முன்பக்கமா பின்பக்கமா. பந்தும் கிண்ணமும் என்ன பொருள், செராமிக்கா பிளாஸ்டிக்கா (உலோகத்து மேல உலோகம் உரசுற வகையில ஒண்ணை 2010-ல உலகம் முழுக்க திரும்ப எடுத்தாங்க, அந்த வகை வேண்டாம்). கிண்ணம் ஆழமில்லாததுக்கு என்ன ஏற்பாடு. தரையில உக்கார, இந்தியன் டாய்லெட் போக எப்ப விடுவீங்க. ஆபரேஷன் முடிஞ்சதும் மூட்டோட டப்பால இருக்கற ஸ்டிக்கர், வரிசை எண்ணோட, டிஸ்சார்ஜ் சம்மரில ஒட்டியிருக்கான்னு பாருங்க, பத்து இருபது வருஷம் கழிச்சு வேற யாராச்சும் அந்த மூட்டை தொட வேண்டி வந்தா அது இல்லாம கஷ்டப்படுவாங்க.

இந்த வாரம் செய்ய வேண்டிய முதல் வேலை, ஆபரேஷன் தேதி குடுத்த டாக்டருக்கு போன் பண்ணி ஊசி போட்ட விஷயத்தை சொல்றது. ஊசி போட்ட இடத்துல என்ன மருந்து, எந்த தேதின்னு எழுதி வாங்குங்க. உங்க சிகிச்சை விவரத்தை கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும்னு டாக்டர்களுக்கான 2002 விதிமுறையிலயே இருக்கு, தயங்காம கேளுங்க. அந்த சீட்டை எக்ஸ்ரே கவருக்குள்ளயே வெச்சு, எங்க போனாலும் முதல்ல அதை எடுத்து மேசை மேல வைங்க.